சொல்லாமல் வைத்திருந்த கூடு

மகள் பல்கலைக்கழகம் போன வருடம்தான் நான் ஆட்காட்டிக் குருவிகளைப் பார்க்கத் தொடங்கினேன். அதுவரை எனக்கென்று ஒரு மாலைப்பொழுது இருந்ததில்லை. கோப்பாயில் எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் பத்து நிமிடம் போனால் தோட்டக் காணிகள் முடிந்து தரவை தொடங்கும். மாடுகள் மேயும் வெறும் புல்வெளி அது, அதற்கப்பால் கடல்நீரேரி. அந்த எல்லையில்தான் ஆட்காட்டிகள் முட்டையிடும். கூடு என்று சொல்வதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. உள்ளங்கை அளவு பள்ளம், அதைச் சுற்றி நாலைந்து சிறு கற்கள், நடுவே மண்ணின் நிறத்திலேயே நாலு முட்டைகள். காலடியில் இருந்தாலும் கண்ணுக்குப் படாது. ஆள் கிட்டப் போனால் தாய்க்குருவி சிறகு முறிந்ததுபோல இழுத்து இழுத்து வேறு பக்கம் ஓடும். நம்பிப் பின்னால் போனவர்களுக்கு முட்டை கிடைக்காது.

நான் கொக்குவிலில் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். பார்த்ததையெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன்: எந்தக் குருவி எத்தனை மணிக்கு அடை மாறியது, நாய் வந்தபோது எப்படிக் கத்தியது, கீரி வந்தபோது எப்படிக் கத்தியது. இரண்டு சத்தமும் ஒன்றல்ல என்று கண்டுபிடித்த நாளில் எனக்கிருந்த சந்தோஷத்தை வீட்டில் யாருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை.

அந்தக் கொப்பியை ஆசிரியர் அறையில் கண்டுதான் எங்கள் கணித ஆசிரியை தானும் வரட்டுமா என்று கேட்டார். என்னைவிட ஏழெட்டு வயது இளையவர், வீடும் கோப்பாயில்தான். எனக்குப் பெரிய சந்தோஷம். தனியே வெட்டவெளியில் குந்தியிருக்கும் பெண்ணை ஊர் ஒருமாதிரித்தான் பார்க்கும். இரண்டு பேர் என்றால் அவ்வளவாகப் பார்க்காது. எங்கே நிற்க வேண்டும், எவ்வளவு நேரம் அசையாமல் இருக்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன்.

கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த அவருடைய அண்ணன் திரும்பிப் போகும்போது நல்லதொரு கமராவை விட்டுப் போனார். அதற்குப் பின் வந்த சனிக்கிழமை நான் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் தனியே தரவைக்குப் போனார். அன்று மத்தியானம், கொளுத்தும் வெயிலில், ஒரு ஆட்காட்டி வாய்க்காலில் இறங்கி வயிற்று இறகுகளை நனைத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட ஓடிவந்து முட்டைகளின்மேல் உட்கார்ந்தது. சூட்டில் முட்டை அவிந்துபோகாமல் இருக்க அது அப்படிச் செய்யும் என்று நான் வாசித்திருந்தேன். மூன்று வருடமாக அதைப் பார்க்கத்தான் காத்திருந்தேன். அவர் அதைப் பார்த்தது மட்டுமல்ல, படமும் எடுத்துவிட்டார்.

அந்தப் படத்தை அவர் முகநூலில் போட்டார். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் ஆட்கள் வந்து வந்து எழுதினார்கள். அன்றிரவு சோறு வடிக்கும்போதும் ஒரு கையில் கைபேசியை வைத்து எத்தனை பேர் விரும்பியிருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குருவியின் வால்பக்கம் கொஞ்சம் தெளிவில்லாமல் இருந்தது. அது எனக்கு ஆறுதலாக இருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

அடுத்த கிழமை பாடசாலை அதிபர் அவரைக் காலைப் பிரார்த்தனையில் கூப்பிட்டு, பிள்ளைகளுக்கு அந்தக் குருவியைப் பற்றிச் சொல்லச் சொன்னார். அவர் நன்றாகச் சொன்னார். அடை மாறும் நேரங்களையும் நாய்க்கும் கீரிக்கும் கத்தும் வேறுபாட்டையும் சொன்னார். எல்லாம் என் கொப்பியில் இருந்தவை. அவற்றை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லவில்லையே என்று உள்ளுக்குள் கொதித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் என் பக்கம் திரும்பி, “எனக்கு உதெல்லாம் காட்டித் தந்தது எங்கடை சயன்ஸ் ரீச்சர்தான்” என்றார். பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு முதலில் இருந்ததைவிட எரிச்சல் கூடிவிட்டது. மூன்று வருடம் வெயிலில் குந்தியிருந்த நான் வெறும் வழிகாட்டியாகிவிட்டேன்.

அடுத்த முட்டைக் காலத்தில், சித்திரை கழிந்து, ஒரு தோட்டக் காணியின் மூலையில் புதிதாக ஒரு கூடு கண்டேன். வெங்காயம் கிண்டி எடுத்துவிட்டுச் சும்மா விட்டிருந்த காணி. நாலு முட்டைகள். மூன்றாம் நாள் ஆசிரியர் அறையில் அவர் தேத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டார்:

“இந்த முறை கூடு ஏதும் கண்டனீங்களோ, ரீச்சர்?”

“இல்லை. இன்னும் ஒண்டும் காணேல்லை.”

நாக்குத் தடுமாறாமல் வந்தது. அவர் நம்பினார்.

அதற்குப் பிறகு பாடசாலைக்கு முன்னும் பின்னும் தனியாகப் போனேன். ஞாயிறுகளில் மத்தியானம் குடையோடு போய்க் குந்தியிருந்தேன். குருவி வாய்க்காலில் இறங்கியதை ஒருநாள் கண்டேன். ஆனால் மரவள்ளிச் செடிகள் மறைத்துவிட்டன. வயிற்றை நனைத்ததா, தண்ணீர் குடித்ததா தெரியவில்லை. வழக்கமாகக் கூடு கண்டால் காணிக்காரரிடம் சொல்லி வைப்பேன். இந்த முறை சொல்லவில்லை. காணிக்கார அண்ணையின் வீடும் கணித ஆசிரியையின் வீடும் ஒரே ஒழுங்கையில் இருந்தன. அவரிடம் சொன்னால் பின்னேரமே இவருக்குப் போய்விடும்.

அடை தொடங்கி மூன்று கிழமை கழிந்திருக்கும். சாதாரண தரப் பரீட்சைக்கு எனக்குச் சாவகச்சேரியில் ஒரு பாடசாலையில் மேற்பார்வைக் கடமை கிடைத்தது. இரண்டாம் நாள் காலை பஸ் தோட்டங்களைக் கடந்து போகும்போது யன்னலால் பார்த்தேன். அந்தக் காணிக்குப் பக்கத்துக் காணியில் உழவு மெசின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் கொக்குகள் வரிசையாகப் புழுப் பொறுக்கிக்கொண்டு வந்தன. அது முடிந்தால் அடுத்தது இந்தக் காணிதான்.

இறங்கினால் பரீட்சைக்குப் போய்ச் சேர முடியாது. காணிக்காரருடைய இலக்கம் என்னிடம் இல்லை. என் வீட்டுக்காரர் கிளிநொச்சியில் வேலைக்குப் போயிருந்தார். யாரைக் கைபேசியில் எடுக்கலாம் என்று யோசித்தேன் என்று சொன்னால் பொய். முதலிலேயே தெரியும், ஒரே ஒருவரைத்தான் எடுக்கலாம் என்று. ஆனாலும் கைதடிப் பாலம் வரை எடுக்கவில்லை. பாலம் கடந்தபிறகுதான் எடுத்தேன். அவருக்கு அன்று கடமை இல்லை, வீட்டில் நின்றார்.

“ரீச்சர், கிணத்தடிக் காணியிலை ஒரு கூடு இருக்கு. நாலு முட்டை. மெசின் பக்கத்துக் காணியிலை நிக்குது.”

பஸ்ஸில் நின்ற எல்லோரும் என்னைப் பார்ப்பதுபோல இருந்தது.

“கிணத்துக்கு எந்தப் பக்கம்?” என்றார்.

“மேற்கை. மரவள்ளிக்கும் வாய்க்காலுக்கும் நடுவிலை.”

“சரி, வைக்கிறன்.”

சாவகச்சேரியில் கைபேசியை வாசலில் ஒப்படைத்துவிட்டுப் பரீட்சை மண்டபத்துக்குள் போனேன். பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் மேசைகளுக்கிடையே நடந்தேன். முட்டைகளைப் பற்றித்தான் பயந்தேன் என்று சொல்ல ஆசை. பாதி நேரம் அவர் என்னைப் பற்றி என்ன நினைப்பார் என்பதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் கைபேசி கையில் வந்தபோது ஒரு வரி மட்டும் வந்திருந்தது. ‘நாலும் இருக்கு.’

பின்னேரம் பஸ்ஸால் இறங்கி நேரே அங்கே நடந்தேன். காணி முழுவதும் புரட்டிய செம்மண்ணாகக் கிடந்தது. மூலையில் ஒரு பாய் அளவு நிலம் மட்டும் தொடப்படாமல் இருந்தது. அதைச் சுற்றி நாலு தடி நட்டிருந்தார்கள். குருவி முட்டைமேல் இருந்தது. கொஞ்சம் தள்ளி வரப்பில் அவர் குடையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். காணிக்கார அண்ணை மெசினடியில் நின்றவர் என்னைக் கண்டதும் கிட்ட வந்தார்.

“முதலே ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா அந்த மூலையை விட்டிருப்பன் தானே, ரீச்சர். உந்த ரீச்சர் ஓடிவந்து மெசினுக்கு முன்னாலை நிண்டபடியாத் தப்பிச்சுது.”

அண்ணை போனபின் நான் வரப்பில் ஆசிரியைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். இருவரும் குருவியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“காணேல்லை எண்டு சொன்னனீங்கள்” என்றார்.

“ஓம். பொய்தான் சொன்னனான்.”

“ஏன்?”

“உங்கடை படத்தாலை. எனக்கு அது பொறுக்கேல்லை.”

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். குடையை மற்றக் கைக்கு மாற்றினார், அவ்வளவுதான். பிறகு, அவசரத்தில் கமராவைக் கொண்டுவரவில்லை என்றும், மத்தியானம் உழுத மண்ணின் சூட்டில் குருவி திரும்பத் திரும்ப வாய்க்காலுக்குப் போய் வயிற்றை நனைத்து வந்தது என்றும் சொன்னார். ஒருதரம் நனைந்த இறகிலிருந்து முட்டைமேல் தண்ணீர் விழுந்ததையே கண்டாராம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்த நேரம் அது. அந்த நேரத்திலும் எனக்குள் அந்தப் பழைய எரிச்சல் வந்தது. இவருக்கு மட்டும் ஏன் எல்லாம் கிடைக்கிறது என்று. மன்னிப்பைக் கேட்டேன். சரியாகக் கேட்டேனா தெரியாது.

பரீட்சை முடிவதற்கு முதல்நாள் மூன்று குஞ்சுகள் பொரித்தன. ஒரு முட்டை கூழாகிவிட்டது. பொரித்ததையும் அவர்தான் கண்டார். நான் மண்டபத்தில் நின்றேன். மறுநாள் பின்னேரம் போனபோது குஞ்சுகள் மண்கட்டிகளுக்கிடையே ஓடித்திரிந்தன. தாய் ஒரு சத்தம் கொடுத்ததும் மூன்றும் அப்படியே நிலத்தோடு படுத்துக்கொண்டன. கண்முன்னே நின்றவை இல்லாமல் போயின. அதை அவர் பார்க்கவில்லை. நான் கொப்பியில் எழுதினேன். அவருக்கும் சொன்னேன், அன்றிரவே.

காணிக்கார அண்ணை இப்போது உழுவதற்கு முன் எங்களில் யாருக்காவது சொல்லியனுப்புகிறார். நாங்கள் இருவரும் போகிறோம், சில நாட்கள் சேர்ந்து, சில நாட்கள் தனித்தனியாக. முன்னர் கணித ஆசிரியை எதைக் கண்டாலும் அன்றே எனக்குச் சொல்வார். போன கிழமை இன்னொரு ஆசிரியை தற்செயலாகச் சொன்னார், கைதடிப் பக்கம் ஒரு கூட்டை அவர் பத்து நாளாகப் பார்த்து வருகிறாராம். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. மறுநாள் அவர் ஆசிரியர் அறையில் என் பக்கத்தில்தான் இருந்து கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். கேட்கலாம் என்று இரண்டு தரம் நினைத்தேன். கேட்கவில்லை.