மாசாயில் காயும் ஸ்வெட்டர்

மலாய் நாட்டு மாசாயில் எங்கள் ஃபிளாட்டின் பால்கனிக் கம்பியில் வாரம் தவறாமல் ஒரு கம்பளி ஸ்வெட்டர் காயும். மண்டையைப் பிளக்கும் வெயிலில், மின்விசிறி இல்லாமல் சோறு இறங்காத ஊரில், ஸ்வெட்டர். பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெண் காக் யாத்தி அதைப் பார்த்துவிட்டு ஒருநாள் கஞ்சி காய்ச்சி எடுத்து வந்தாள். "சாகிட் கே?" என்றாள், உடம்பு சரியில்லையா என்று. இல்லை, வேலை செய்யும் இடம் குளிர் என்பதை எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் சொன்னேன். அன்று முதல் நான் ஐஸ் கட்டிக் கம்பெனியில் வேலை செய்வதாக மாடி முழுக்கப் பேச்சு. நானும் மறுக்கவில்லை. புரதம் சுத்திகரிக்கிறேன் என்று எந்த மொழியில் சொல்வது?

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். நோய்ப் பரிசோதனைக்குப் பயன்படும் ஒரு என்ஸைமை பாக்டீரியாவில் வளர்த்து எடுக்கிறோம். அதோடு ஆயிரம் குப்பைப் புரதங்களும் வரும். எல்லாவற்றையும் ஒரு கண்ணாடிக் குழாயில் ஊற்றுவோம். உள்ளே மின்னேற்றம் கொண்ட பொடிமணிகள். எங்கள் என்ஸைம் அவற்றைப் பிடித்துக்கொள்ளும், குப்பை கீழே வழிந்துவிடும். பிறகு உப்பை மெல்ல மெல்லக் கூட்டினால் என்ஸைம் பிடியை விட்டுச் சுத்தமாக இறங்கி வரும். இதுதான் குரோமட்டோகிராபி. சூட்டில் என்ஸைம் கெட்டுப்போகும் என்பதால் எல்லாம் குளிரறையில்தான்.

என் வீட்டுக்காரருக்குத் தூத்துக்குடி உப்பளத்தில் மேற்பார்வை வேலை. நான் இங்கே கிளம்பும்போது, "உப்புத்தண்ணி ஊத்துற வேலைக்குக் கடல் தாண்டிப் போணுமாக்கும்? நம்ம அளத்துல ஊத்தேன்," என்று சிரித்தார். பேருந்து ஏறும்வரை சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போது மகள் ஷெரினுக்கு ஐந்து வயது. இப்போது எட்டு. போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் புதுநன்மை, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் நாள். வெள்ளைக் கவுன், தலையில் பூ முடி, கையில் மெழுகுவர்த்தி. அம்மா கட்டாயம் வருவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். வெள்ளிக்கிழமை விமானம். கையில் இருக்கும் என்ஸைம் தொகுதியை முடித்துவிட்டுப் போ என்று எங்கள் மேலாளர் லிம் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை காலை அதைக் குழாயில் ஏற்றினோம். வழியும் புரதத்தின் அளவைத் திரையில் காட்டும் கோடு, கொஞ்சம் ஏறி நிற்க வேண்டிய நேரத்தில் விறுவிறுவென்று மேலே போய்க்கொண்டே இருந்தது. என்ஸைம் ஒட்டவே இல்லை, குப்பையோடு குப்பையாக வழிந்துகொண்டிருந்தது.

என்னுடன் வேலை செய்பவள் விமலா, சிகாமட்காரி, சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. பிஎச்சை, அதாவது கரைசலின் அமில காரத் தன்மையை, ஒரே அளவில் நிறுத்தும் பஃபர் கரைசலை அவள்தான் கலக்கியிருந்தாள். எங்கே வைத்து பிஎச் பார்த்தாய் என்று கேட்டேன்.

"வெளிய மேசையில வச்சுப் பார்த்தேன் கா, எட்டுதான் காட்டுச்சு. உள்ளுக்கு கையெல்லாம் வெறச்சுப் போவுது லா."

பிழை அங்கேதான் இருந்தது. அந்தப் பஃபரின் குணம் அப்படி. வெளிச்சூட்டில் எட்டாக நிற்பது குளிரறைக்குள் போனதும் எட்டரைக்கு மேல் ஏறிவிடும். அதில் என்ஸைம் தன் மின்னேற்றத்தை இழந்து மணிகளைப் பிடிக்காது. யாரும் எதையும் சேர்க்கவில்லை, எடுக்கவில்லை. இடம் மாறியது, அவ்வளவுதான். விமலாவைத் திட்ட வாயெடுத்தவள், பிஎச் மானியைக் குளிரறைக்குள் எடுத்து வரச் சொன்னேன்.

நல்லவேளை, வழிந்ததை நாங்கள் கொட்டுவதில்லை. ஒட்டியது உறுதியாகும்வரை அது ஐஸில்தான் இருக்கும். பிஎச்சைக் குளிருக்குள்ளேயே சரிசெய்து மறுபடி ஏற்றலாம். ஆனால் ஞாயிறு ஆகிவிடும். விட்டுவைத்தால் என்ஸைம் கெடும். லிம் என்னைத்தான் பார்த்தார்.

மதியம் ஊருக்குப் போன் செய்து வர முடியாமல் போகலாம் என்றேன். வீட்டுக்காரர் போனை மகளிடம் நீட்டிவிட்டார். ஷெரின் போனை வாங்கி, "சரிம்மா," என்றாள். அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் "சரிம்மா"வைத் தாங்க முடியவில்லை. குளிரறைக்குள் போய் நின்றுகொண்டு அழுதேன். அங்கே மூக்கு ஒழுகினால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

விமலா பின்னாலேயே வந்தாள். அந்த வார இறுதியில் அவளும் தன் ஊரான சிகாமட்டுக்குப் போவதாக இருந்தது.

"நீங்க போங்க கா. நான் உள்ளுக்கே உக்காந்து செய்றேன். ஒங்க ஸ்வெட்டர மட்டும் குடுத்துட்டுப் போங்க."

லிம்மிடமும் அவளே பேசினாள். சிக்கல் என்றால் எந்த நேரமும் எனக்குப் போன் செய்வாள் என்ற பேச்சில் அவர் தலையசைத்தார்.

தூத்துக்குடியில் போய் இறங்கிப் பார்த்தால், ஷெரின் வளர்ந்திருந்தாள். நான் வாங்கி வந்த வெள்ளைச் செருப்புக்குள் அவள் கால் நுழையவில்லை. கோயிலில் நன்மை வாங்கித் திரும்பும்போது வரிசையில் என்னைத் தேடிப் பார்த்துச் சிரித்தாள். போதும் என்றிருந்தது, இதற்காக எத்தனை கடலும் தாண்டலாம்.

மதியம் பிரியாணிப் பந்தி முடிந்து முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது விமலாவின் செய்தி வந்தது. "புடிச்சிக்கிச்சு கா." வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கவுனோடு மடியில் சாய்ந்திருந்த ஷெரின் எட்டிப் பார்த்துவிட்டு, சாதாரணமாக, அடுத்த பஸ் எப்போது என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

"அம்மா, நீ எப்ப ஒங்க வீட்டுக்குப் போவ?"

புதன்கிழமை என்றேன். உப்புக்காற்று அனலாய் அடித்துக்கொண்டிருந்தது. என் ஸ்வெட்டர் மாசாயில் விமலாவின் தோளில் இருந்தது. எனக்குக் குளிர்ந்தது.