தெற்குச் சன்னலின் திரை

அந்தத் திரைக் கயிற்றை நினைத்தால் இன்றும் எனக்குக் கை பரபரக்கிறது. நியூ ஜெர்சியில் மலையோரச் சிற்றூர் ஒன்றில், டாக்டரம்மாவின் குழந்தைகள் கிளினிக்கை வடிவமைத்தவன் நான். அதற்கு முந்தைய குளிர்காலத்தில், பழைய வாடகை இடத்தில் கரன்ட் போய், காய்ச்சல் பிள்ளைகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது அவருக்கு ஆறவே இல்லை. "கரன்ட் போனாலும் சூடு நிக்கணும் தம்பி" என்றார். தெற்கே உயரமான கண்ணாடி வைத்தேன், கீழே கனமான கருங்கல் தரை போட்டேன். குளிர்கால வெயில் தாழ்வாக உள்ளே விழும். பகலெல்லாம் கல் அதை வாங்கி வைத்துக்கொண்டு இருட்டிய பின் மெல்ல விடும். அவ்வளவுதான் வித்தை.

ஆனால் அவர் மதுரைக்காரர் ஆயிற்றே! வெயில் ஏறினால் கை தானாகத் திரையை இழுத்துவிடும். போதாததற்கு, பிள்ளைகள் உட்காரக் கல்தரைமேல் தடித்த ஜமக்காளம் வேறு. நான் போகும்போதெல்லாம் அறை சில்லிட்டிருக்கும். "சோபா வெளுத்துடும்ப்பா" என்பார். "சோபாவுக்கா கட்டினோம், டாக்டரம்மா?" என்று எரிந்து விழுவேன். தலையாட்டுவார். அடுத்த முறை போனால் திரை மூடித்தான் கிடக்கும்.

பனிப்புயல் ஓய்ந்த ஒரு காலையில் போன் செய்தார். ஊர் முழுக்கக் கரன்ட் இல்லை, ஹீட்டர் ஓடவில்லை, வீடு குளிர்ந்துபோன அம்மாக்கள் கைக்குழந்தைகளோடு கிளினிக்குக்கே வந்துவிட்டார்கள். ஹைவே மூடியிருந்ததால் என்னால் போக முடியவில்லை. "ஜமக்காளத்தைச் சுருட்டுங்க, திரையெல்லாம் திறங்க, இருட்டினதும் மூடுங்க!" என்று கத்திவிட்டு, வீட்டுக்குள் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தேன். என் கணக்குப் பிசகியிருந்தால்? மேகம் வந்தால்? சன்னலுக்கும் போனுக்குமாக நடந்து நடந்து, சோறுகூட இறங்கவில்லை. பயம்தான், வேறென்ன.

பொழுது சாய்ந்ததும் அழைத்தார். "செருப்பைக் கழட்டிட்டு நிக்கிறேன் தம்பி. தரை வெதுவெதுன்னு இருக்கு. பிள்ளைங்க அப்படியே படுத்துத் தூங்குதுங்க." "சோபா போனாப் போகுது" என்றும் சேர்த்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் காலமான பிறகு வரும் முதல் குளிர்காலம் இது. சென்ற வாரம் நண்பகலில் அந்த வழியாகப் போனேன். திரைகள் மூடியிருந்தன. பேசாமல் போயிருக்கலாம், மனசு கேட்கவில்லை. கம்ப்யூட்டரில் வெயில் அடிக்கிறதாம், ரிசப்ஷன் பெண் சொன்னாள். ஒரே ஒரு திரை என்று கெஞ்சி, கயிற்றை நானே இழுத்தேன். ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன்; பைத்தியம் என்று நினைத்திருப்பாள். வெகுநேரம் கழித்துக் காலடியில் கல் வெதுவெதுத்தது. கை அவசரமாகப் போனை எடுத்து, அவர் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தது.