கட்டிங் மாஸ்டரின் இரண்டு அங்குலம்

என் அக்கா வீட்டுக்காரர் தையல் கடையில் கட்டிங் மாஸ்டர். ஒரு சட்டைக்கு மூன்று வாரம் அலைய விடுவார். கேட்டால், "அவசரம்னா ரெடிமேட் வாங்கிக்கோங்க" என்று வாய் கூசாமல் சொல்வார்.

அந்த மனுஷனுக்கு நாற்பது வயதில் உயரமாக வளர வேண்டும் என்று ஆசை வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு கால் எலும்பையும் வெட்டி, சுற்றிலும் கம்பி வளையம் மாட்டினார்கள். வளையத்தின் திருகாணியைத் திருகி எலும்பை விலக்க டாக்டர் ஒரு ஸ்பேனரைக் கொடுத்து, "ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர்தான். அதையும் நாலு தடவையா பிரிச்சுத் திருகணும். வெட்டின இடத்துல எலும்பு வளரணும், சதை நீளணும், அதுக்கு டைம் வேணும்" என்றார்.

மாமா வீட்டுக்கு வந்ததும் இரண்டு அங்குலம் நீளம் கூட்டி ஒரு பேன்ட்டைத் தைத்துக் கட்டிலுக்கு எதிரே மாட்டினார். அதைப் பார்த்துக்கொண்டே, எங்களுக்குத் தெரியாமல் தினமும் எட்டுத் தடவை திருகினார். பேன்ட் காத்திருக்கிறதாம்!

மூன்றே வாரத்தில் சதை இறுகி, குதிகால் தரையைத் தொட மறுத்தது. எக்ஸ்ரேயில் எலும்பு இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

"பாதியைத் திருப்பித் திருகணும்" என்றார் டாக்டர்.

"அப்ப பேன்ட்?" என்றார் மாமா.

அக்கா எக்ஸ்ரேயை எடுத்து மாமா முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"வயிறு பெருத்து, பழைய சட்டையைத் தளர்த்தித் தரச் சொல்லி வர்றவங்ககிட்ட, உள்ள துணி இல்லாம எப்படிய்யா பிரிச்சு விடுறதுன்னு எரிஞ்சு விழுவீங்களே. உங்க காலுக்குள்ள எத்தனை அங்குலம் மடிச்சு வெச்சிருந்தாங்க?"