அழாத பிள்ளை

குளியாப்பிட்டி பஸ் நிலையத்தில் சோமசிறி குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. தனியார் பஸ்களுக்கு நேரம் குறித்துக் கொடுக்கும் டைம்கீப்பர் வேலை அவனுக்கு. காலையிலிருந்து பொழுது சாயும்வரை யாராவது ஏசிக்கொண்டேயிருக்கும் வேலை. குருநாகல் பஸ்காரன் இரண்டு நிமிடம் பிந்தியதற்காக, பின்னால் நிற்கும் பஸ்காரன் அவன் சட்டையைப் பிடித்தால், சோமசிறி நடுவில் போய் நிற்பான். "தம்பி, நீ வண்டிய எடு. அண்ணே, நீங்க ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாங்க, இன்னும் நாலு பேர் ஏறுவாங்க" என்பான். அதோடு தீர்ந்துவிடும்.

"இந்த ஆளுக்கு உடம்புல ரத்தம் ஓடல, எருமைத் தயிர்தான் உறைஞ்சு கிடக்கு" என்று கண்டக்டர் பந்துல கேலி செய்வான். சோமசிறியும் சேர்ந்து சிரிப்பான்.

வீட்டில் அவன் எப்படி என்பது மனைவி நில்மினிக்குத்தான் தெரியும். மகள் செனுதி பிறந்த முதல் வாரத்திலேயே அது தொடங்கிவிட்டது. பிள்ளை அழ ஆரம்பித்தால் சாப்பாட்டிலிருந்துகூட எழுந்து தென்னந்தோப்புக்குள் போய்விடுவான்.

"நான் பெத்தது பிள்ளையா, பேயா? சத்தம் கேட்டதும் இப்படி ஓடுறீங்களே!" என்று அவள் கத்துவாள்.

பிள்ளைக்கு மூன்று மாதமிருக்கும். நில்மினி கிணற்றடியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது உள்ளே பிள்ளை வீறிட்டது. வீறிட்ட குரல் பாதியில் நின்றது. ஈரக்கையோடு ஓடினாள். சோமசிறியின் உள்ளங்கை பிள்ளையின் வாயை மூடியிருந்தது. யாருடைய கையோ அங்கே கிடப்பதுபோல அவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன செய்றீங்க நீங்க!"

கையை எடுத்தான். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று சுவரைப் பார்த்துப் படுத்தவன் பதினோரு நாள் எழவில்லை.

அதற்குப் பிறகு பிள்ளையோடு அவன் தனியாக இருந்ததேயில்லை. வருஷத்துக்கு இரண்டு தடவை, மூன்று தடவை அந்தப் படுக்கை வந்தது. சோறு இறங்காது, பேச்சு இருக்காது. நில்மினி பன்சலைக்குப் போய், பிக்கு பிரித் ஓதிக் கொடுத்த நூலை வாங்கிவந்து அவன் கையில் கட்டினாள், கஷாயம் காய்ச்சினாள். சிறுவர் இல்லத்தில் வளர்ந்தவன், சொந்தபந்தம் இல்லாத ஏக்கமாக்கும் என்று தானாகவே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டாள். மகளுக்கு நடை வந்ததும், "அழாதடி தங்கம், அப்பாவுக்கு ஆகாது" என்று சொல்லிச் சொல்லி வளர்த்தாள். அவள் நல்லதாக நினைத்துத்தான் சொன்னாள்.

செனுதிக்கு ஆறு வயதில் ஒரு திங்கட்கிழமை, பள்ளிக்கூடத்து டீச்சர் போன் செய்தாள். பிள்ளை வலது கையைத் தூக்கவே மாட்டேன் என்கிறாளாம். இருவரும் போய் அழைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சனிக்கிழமை கொய்யா மரத்திலிருந்து விழுந்ததில் தோளருகே காறை எலும்பு முறிந்திருந்தது. அந்த இரண்டு நாளும் அவள் தானாகவே சட்டை மாற்றிக்கொண்டாள், ஒரே பக்கமாகப் படுத்தாள். 'பெரிய பிள்ளையாயிட்டா' என்று நில்மினி பெருமைகூடப் பட்டிருந்தாள்.

டாக்டர் அம்மா குனிந்து கேட்டாள். "வலிக்கலையா மகளே?"

"வலிச்சிச்சு."

"அப்ப ஏன் அம்மாகிட்ட சொல்லல?"

பிள்ளை அப்பாவின் முகத்தை ஒருமுறை பார்த்தது. "சொன்னா அழுகை வந்துரும். நான் அழுதா அப்பா செத்த மாதிரி படுத்துக்குவாரு."

பிள்ளைக்குக் கட்டுப் போடும்போது வெளியே பெஞ்சில் வைத்துத்தான் சோமசிறி வாயைத் திறந்தான். தகப்பன் செத்ததும் தாய் இன்னொருவனோடு போனாள். ஏழு வயது அவனையும் மூன்று வயதுத் தம்பி அஜந்தவையும் இல்லத்தில் விட்டுப் போனாள். அங்கே ஒரு பிள்ளை அழுதால் அது படுக்கும் வரிசைப் பிள்ளைகள் முழுவதும் முற்றத்துச் சரளையில் முழங்கால் போட வேண்டும். அழுகை நிற்கும்வரை எழக்கூடாது.

"தம்பி சும்மா சும்மா அம்மாவக் கேட்டு அழுவான். பெரிய பையன்க அவன அடிப்பாங்க. அடிக்கிறதுக்கு முந்தி நானே வாயப் பொத்துவேன். பொத்திப் பொத்தி, ஒருநாள் அவன் அழுறதையே விட்டுட்டான்." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். "பிறகு யாரோ வந்து அவன வளர்க்கக் கூட்டிட்டுப் போனாங்க. போறப்போ கைய நீட்டுனேன். என் கையப் பாத்ததும் தலைய இழுத்துக்கிட்டான்."

தம்பி எங்கே இருக்கிறான் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

நில்மினி அழுதாள். அழுகையிலும் கோபம் இருந்தது. "இத எனக்கு ஆரம்பத்துலயே சொல்லியிருக்கலாமே. நானுமில்ல சேர்ந்து அந்தப் பிள்ள வாயப் பொத்தியிருக்கேன்."

நில்மினி அவனைக் கூட்டிப்போன மனநோய் கிளினிக்கில் மாத்திரை கொடுத்தார்கள். மாதம் ஒருமுறை போய்வந்தான். சின்ன வயதில் பட்டது உள்ளே தங்கிவிட்டது, ஒரே நாளில் போகாது என்றார் அங்கிருந்த டாக்டர். பிள்ளையோடு பேசச் சொன்னார்.

கட்டு அவிழ்த்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோமசிறி மகளை அருகில் உட்காரவைத்தான்.

"இனிமே வலிச்சா அழணும் மகளே. சத்தமா அழு. அப்பா படுக்க மாட்டேன்."

பிள்ளை அவன் கண்ணையே உற்றுப் பார்த்தது. இப்போது என்ன வேண்டும் இவருக்கு என்று தேடுகிற பார்வை. பிறகு வாயைக் கோணி, "ஊ... ஊ..." என்று சத்தம் எழுப்பியது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. அழுதபடியே அவன் முகம் மாறுகிறதா என்று கவனித்தது.

"இவ்ளோ போதுமாப்பா?" என்றது.

"போதும்" என்றான்.

அவள் எழுந்து விளையாடப் போனாள். மறுநாள் சோமசிறி வேலைக்குப் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. நில்மினி மாத்திரையும் தண்ணீருமாக வந்து கூப்பிட்டபோது சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். வாசலில் செனுதி காலடிச் சத்தம் எழாதபடி நுனிக்காலில் நடந்துகொண்டிருந்தாள்.