டிஸ்சார்ஜ் என்று எழுதியிருந்தது

என் கணவர் திண்டுக்கல்லில் ஒரு தோல் ஷாப்பில் வேலை பார்த்தார். தோல் பதனிடும் இடத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை மரக்கட்டை மேல் விரித்துப் போட்டு, இரண்டு பக்கமும் பிடி வைத்த வளைந்த கத்தியால் ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டி எடுப்பார். ஐம்பதுகளின் பிற்பாதி அது. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம். ஒருநாள் அந்தக் கத்தி வழுக்கி, இடது முழங்காலுக்குக் கீழே ஆழமாக இறங்கிவிட்டது.

மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டிக்கொண்டு மறுநாளே வேலைக்குப் போனார். ஈரத்திலும் சுண்ணாம்பிலும் நின்றார். நான் தடுக்கவில்லை. எங்கள் தெருவில் எல்லா ஆண்களுக்கும் எங்காவது ஒரு வெட்டுக்காயம் இருக்கும். பத்து நாளில் கால் தூணாக வீங்கி, காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் ஜட்கா பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். எட்டாம் வகுப்பு இங்கிலீஷ் எம்மாத்திரம்? ஆனால் அந்தத் தெருவில் அதுவும் இல்லாதவர்களே எல்லாரும். தந்தி வந்தால் என்னிடம்தான் ஓடி வருவார்கள். மருந்துப் புட்டியில் ஒட்டியிருப்பதைப் படிக்கச் சொல்வார்கள். என் கணவர் நடு வாசலில் நெஞ்சை நிமிர்த்தி நின்றுகொண்டு, "வீட்டுல கேளுங்க, இங்கிலீஷ் எல்லாம் அவ டிப்பார்ட்மெண்டு" என்பார். அதில் அவருக்கு அவ்வளவு பெருமை. எனக்கு அவரைவிடப் பெருமை.

வார்டில் அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் வடமதுரைப் பக்கத்து விவசாயி ஒருவர், கை முறிந்து கிடந்தார். ஒருநாள் காலை அவருடைய கட்டிலின் கால்மாட்டில் தொங்கிய அட்டையில் நர்ஸம்மா ஏதோ எழுதிவிட்டு, "நீங்க வீட்டுக்குப் போகலாம்" என்றார். நர்ஸம்மா நகர்ந்த பிறகு நான் அந்த அட்டையை எடுத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். டிஸ்சார்ஜ். வீட்டுக்கு அனுப்புவதற்கு இதுதான் சொல் என்று மனதில் போட்டுக்கொண்டேன்.

நான்கு நாள் கழித்து, சாயங்காலம் பார்க்கும் நேரம் முடியப்போகும்போது, என் கணவரின் அட்டையில் அதே சொல்லைப் பார்த்தேன். கூட வேறு ஏதோ இரண்டு சொற்கள் இருந்தன. அவை எனக்குப் பிடிபடவில்லை. இந்த ஒன்று போதாதா?

"நாளைக்கு வீட்டுக்குப் போறோம்" என்றேன்.

"நெசமாவா புள்ள? யாரு சொன்னா?"

"சொல்லணுமா? எழுதியிருக்கு. அந்த வடமதுரை அண்ணனுக்கும் இதேதான் எழுதுனாங்க."

நர்ஸம்மா பத்தடி தள்ளி மருந்து ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. படிக்கத் தெரிந்தவள் எதற்குக் கேட்க வேண்டும்?

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். காலில் வலி குறைந்த மாதிரி இருக்கிறது என்றார். எதிர்க் கட்டில் பெரியவரிடம் தன் எனாமல் கப்பைக் கொடுத்து, "நீங்களே வச்சுக்கிருங்க, எனக்கு இனி எதுக்கு" என்றார். மிச்சமிருந்த ரொட்டியை இன்னொருவருக்குக் கொடுத்தார். வார்டு முழுக்கச் சொல்லியாயிற்று. நான் கிளம்பும்போது, "கல்யாண வேட்டியை எடுத்துட்டு வா. இந்தத் துணியோட தெருவுக்குள்ள வர மாட்டேன்" என்றார்.

கைக்குழந்தையாக இருந்த எங்கள் மகனைப் பார்த்துக்கொள்ள என் மாமியார் தொப்பம்பட்டியில் தன் மூத்த மகன் வீட்டிலிருந்து வந்து எங்களோடு இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் சாமி படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். மறுநாள் விடிந்ததும் வீட்டைக் கழுவிவிட்டோம். அவருக்குப் பிடித்த கத்திரிக்காய் வெஞ்சனம் வைக்க மாமியார் உட்கார்ந்தார். நான் வேட்டியை மடித்து எடுத்துக்கொண்டு, ஜட்காக்காரரை ஆஸ்பத்திரி வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அவர் தண்ணீர் தொட்டுத் தலை சீவி உட்கார்ந்திருந்தார். டாக்டர் கட்டிலருகே நின்றிருந்தார். கட்டுப் பிரித்திருந்தது. நான் வேட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

"கூட யாரும்மா வந்திருக்கிறது? ஆம்பளை யாரும் இல்லையா?" என்றார் டாக்டர்.

"நான்தான் சார். டிஸ்சார்ஜ் பண்ணிக் கூட்டிட்டுப் போக வந்திருக்கேன்."

டாக்டர் நர்ஸம்மாவைப் பார்த்தார். நர்ஸம்மா என்னைப் பார்த்தார். "டிஸ்சார்ஜுன்னு யாரும்மா சொன்னது?"

"அட்டையில எழுதியிருக்கீங்களே."

அவர் அட்டையை எடுத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கோபமாக இருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "இது புண்ணுல இருந்து சீழ் ரொம்ப வடியுதுன்னு எழுதுனதும்மா. புண்ணு வடிஞ்சாலும் டிஸ்சார்ஜுன்னுதான் எழுதுவோம். நாத்தம் இருக்குன்னு பக்கத்துல எழுதியிருக்கேன் பாருங்க."

தாழ்ந்த குரல்தான். ஆனால் என் கணவருக்குக் கேட்டுவிட்டது. டாக்டர் மெதுவாக விளக்கினார். சீழ் எலும்பு வரைக்கும் போய்விட்டது. காலை எடுக்க வேண்டும். தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து. என் கணவர் டாக்டரைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது எதிர்க் கட்டில் பெரியவர் எழுந்து வந்து, அந்த எனாமல் கப்பை அவர் பக்கத்து மேஜையில் திரும்ப வைத்துவிட்டுப் போனார்.

காலை எடுக்கச் சம்மதம் என்று கையெழுத்துக் கேட்டார்கள். அதுவரை எங்கே கேட்டாலும் நான் இங்கிலீஷில்தான் போடுவேன். அன்று தமிழில் போட்டேன். முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

மூன்றாம் மாதம் அதே சொல்லை மறுபடி அட்டையில் எழுதினார்கள். நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. நர்ஸம்மா வந்து இரண்டு தடவை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் துணிமணிகளைக் கட்டினேன்.

வீட்டுக்கு வந்த பத்துப் பதினைந்து நாளில் தோல் ஷாப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. டைப் அடித்தது. அவர் கொல்லைப்புறத்தில் கக்கத்தில் கட்டை வைத்து நடந்து பழகிக்கொண்டிருந்தார். தொட்டி வேலை இனி ஆகாது, ஆனால் உட்கார்ந்தபடியே தோலின் ஓரம் நறுக்கும் வேலை தருவார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தார். அதை வைத்துத்தான் தினமும் அந்த நடையே. நான் கடிதத்தைப் பிரித்தேன். நடுவில் அந்தச் சொல் இருந்தது.

எனக்கு ஓர் ஆசை வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகிவிட்டீர்கள், வேலைக்கு வாருங்கள் என்று எழுதியிருக்குமோ? ஆனால் இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை. கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கோர்ட்டுப் பக்கம் போனேன். அங்கே வேப்பமரத்தடியில் டைப் மிஷினோடு ஒருவர் மனு அடித்துக் கொடுப்பார். முன்பு பட்டாளத்தில் இருந்தவர். கடிதத்தைப் படித்துவிட்டு, "உங்க வீட்டுக்காரரா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"வேலையை விட்டு எடுத்துட்டாங்கம்மா."

"டிஸ்சார்ஜுன்னுதானே போட்டிருக்கு?" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"அதேதான். ஆஸ்பத்திரியில வீட்டுக்கு அனுப்புனாலும் டிஸ்சார்ஜு. கோர்ட்டுல கேஸ் இல்லைன்னு விட்டாலும் டிஸ்சார்ஜு. துப்பாக்கி வெடிச்சாலும் அதுதான். பட்டாளத்துல எனக்கும் இந்த ஒரு வார்த்தையை அடிச்சுத்தான் குடுத்தாங்க. நான் சந்தோசமா வாங்கிட்டு வந்தேன். எடத்துக்குத் தக்கன பாக்கணும்மா."

படித்துச் சொன்னதற்கு அவர் என்னிடம் எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்டார். நான் வந்துவிட்டேன்.

கடிதத்தை அரிசிப் பானைக்கு அடியில் வைத்தேன். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று ஒன்பது நாள் போய்விட்டது. அந்த ஒன்பது நாளும் அவர் நடந்தார். வாசலிலிருந்து தெருக் குழாய் வரை, பிறகு முனைக் கடை வரை. அக்குளில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. நான் துணி சுற்றிக் கொடுத்தேன். கூட வேலை பார்த்தவர் ஒருவர் பார்க்க வந்தபோது, வேலை போனதைப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். அவர் போகும்வரை என் கணவர் சிரித்த முகமாகவே இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"லெட்டர் வந்துச்சா?"

எடுத்துக் கொடுத்தேன்.

"தெரியாதப்ப தெரிஞ்ச மாதிரி சொன்ன. தெரிஞ்சப்ப வாயை மூடிக்கிட்ட" என்றார். அடிக்கவில்லை, கத்தவில்லை. கடிதத்தை மடித்துத் தன் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு அவர் என்னை எதையும் படிக்கச் சொல்லவில்லை. சுருட்டுச் சுற்றும் வேலை பழகிக்கொண்டார். அதை உட்கார்ந்தே செய்யலாம். நானும் இலை நரம்பு கிழித்துக் கொடுத்தேன். ஒரே பாயில் எதிரும் புதிருமாக நாள் முழுக்க உட்கார்ந்திருப்போம். சாப்பாடு, தண்ணீர், இலை, இவை பற்றிப் பேசுவோம். தெருக்காரர்கள் காகிதத்தோடு வந்தால், "எனக்கு மறந்துபோச்சு" என்று நானே அனுப்பிவிடுவேன். இப்படி நாலைந்து வருஷம்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் காலை பத்தரை மணிக்குத் தந்தி வந்தது. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். அவர் கை நீட்டினார். கொடுத்தேன். பிரித்துப் பார்த்தார். ஓர் எழுத்தும் அவருக்குத் தெரியாது. நான் எதிரில் நின்றேன். அவர் அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கட்டையை ஊன்றி எழுந்தார்.

"நான் பாக்கட்டா?" என்றேன்.

"தபாலாபீசுல கேட்டுட்டு வாரேன்."

வெயில். போக அரை மணி, அங்கே நின்ற நேரம், வர அரை மணிக்கு மேல். அவர் திரும்பி வந்தபோது பழனிக்குப் போகும் பன்னிரண்டு மணி பஸ் போயிருந்தது. வியர்வையில் நனைந்த தந்தியைப் பாயில் போட்டார். மூன்றே சொற்கள். மதர் சீரியஸ் ஸ்டார்ட். எட்டாம் வகுப்பு தேவையில்லை. மூன்றாம் வகுப்பு படித்தவளும் சொல்லியிருப்பாள்.

மூத்தவர் வீட்டுக்கே திரும்பிப் போயிருந்த மாமியாரைப் பார்க்க மூன்று மணி பஸ்ஸில் போனோம். பழனியில் வண்டி மாறி, தொப்பம்பட்டியில் இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தெருவில் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருந்தார்கள். எதிரே வந்த பக்கத்து வீட்டு அம்மா எங்களைப் பார்த்து நின்றார்.

"ஏனுங்க, இப்பத்தான் வர்றீங்களா? மத்தியானம் உசிரு போயிருச்சுங்க. கடைசி மகன் வரட்டும், வரட்டும்னு அஞ்சு மணி வரைக்கும் வச்சிருந்தாங்க. செத்த முந்தி வந்திருந்தா மொகத்தைப் பாத்திருக்கலாமுங்க."

அவர் கட்டையோடு சுடுகாட்டுப் பாதையில் வேகமாக நடக்கப் பார்த்தார். முடியவில்லை. வழியில் ஒரு வேலியோரம் உட்கார்ந்துவிட்டார். தூரத்தில் புகை தெரிந்தது. நான் பக்கத்தில் போய் நின்றேன்.

காரியமெல்லாம் முடிந்து திரும்பும்போது பழனி பஸ் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திருந்தோம். அவரே பேச்செடுத்தார்.

"உன்கிட்டக் குடுத்திருந்தா பன்னண்டு மணி வண்டியைப் பிடிச்சிருக்கலாம்."

"ஆமா" என்றேன்.

"அன்னைக்கு நீ சந்தோசத்துல சொன்ன. எனக்கும் தெரியும். தெரிஞ்சும் மனசு ஆறலை புள்ள."

அவர் அழுதார். கால் போனபோது அழாதவர். ஜனங்கள் பார்த்துக்கொண்டு போனார்கள். நான் என் முந்தானையை அவர் கையில் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து எங்கள் தெருவுக்கு முனிசிபாலிட்டியிலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது. இங்கிலீஷ். அவர் சுருட்டைக் கீழே வைத்து, கையைத் துடைத்துக்கொண்டு, அதை என் பக்கம் நகர்த்தினார்.

"தப்பாப் படிச்சுட்டேன்னா?" என்றேன்.

"தெரியாததைத் தெரியலைன்னு சொல்லு. போயிக் கேட்டுக்குவோம்."

பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. அப்படியே சொன்னேன். மறுநாள் இரண்டு பேருமாக அந்த டைப் மிஷின்காரரைத் தேடிப் போனோம்.