குதிரைமுடிக் கட்டு

கல்யாணமான புதிதிலேயே பார்த்திருக்கிறேன். என் கணவரின் இடுப்புக்குக் கீழே, ஊறவைத்த கொண்டைக்கடலையைக் கொத்தாக ஒட்டியது போல் சில கட்டிகள். தொட்டால் மெத்தென்று இருக்கும். சின்ன வயசிலிருந்தே இருக்கிறதாம். "அது பாட்டுக்கு இருந்துட்டுப் போவுது" என்பார்.

ஆற்றில் தண்ணீர் வராமல் குறுவை பொய்த்த வருஷம், துபாய் போக ஏஜென்ட் பிடித்தார். மெடிக்கல் செக்கப்பில் துணியைக் கழற்றச் சொல்வார்கள், கட்டியைப் பார்த்தால் தொழுநோய் என்று திருப்பிவிடுவார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். எங்கள் பக்கம் இதற்கெல்லாம் கைவைத்தியம் தயாராக இருக்கும். மருவைக் குதிரைவால் முடியால் இறுக்கிக் கட்டினால் தானே உதிர்ந்துவிடும். தஞ்சாவூரில் ஜட்கா வண்டிக்காரரிடம் கெஞ்சி முடி வாங்கிவந்தார். மருவும் இதுவும் ஒன்றா என்று கேட்டேன். "நீ பேசாம இரு" என்றார். மாமியார் கட்டிவிட்டார்.

உதிரவில்லை. பெரிய கட்டி கறுத்து நாற்றமெடுத்தது. காய்ச்சல் வேறு. அலறியடித்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். தோல் டாக்டர் முடியை அறுத்தெறிந்து கன்னாபின்னாவென்று திட்டினார். பிறகு மற்ற கட்டிகளை அழுத்திப் பார்த்தவர் அப்படியே அமைதியாகிவிட்டார். அவர் திட்டிக்கொண்டே இருந்திருக்கலாம்.

"கொஞ்சம் வெட்டி டெஸ்டுக்கு அனுப்பணும்மா. இப்ப எதுவும் சொல்ல முடியாது."

ரிசல்ட் வரும்வரை வீடு வீடாக இல்லை. மாமியார் அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியாக எடுத்துவைத்துவிட்டார். பெற்ற பிள்ளைக்கு! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் அதிலேயே சாப்பிட்டார். பக்கத்து வீட்டுக்காரர்கள் வாசலோடு நின்று விசாரித்துப் போனார்கள். புற்றுநோயோ, தொழுநோயோ, எது இல்லையென்று வேண்டிக்கொள்வது என்று தெரியாமல் மாதா படத்தின் முன் நின்றேன். இவரை மட்டும் எனக்கு விட்டுவை என்றுதான் கேட்க வந்தது.

மறுபடி போனபோது டாக்டர் சிரித்தார். "பயப்படாதீங்க. கொழுப்பு இருக்கவேண்டிய இடத்த விட்டு மேல்தோல் வரைக்கும் வந்து வளர்ந்திருக்கு, அவ்வளவுதான். ரொம்ப அபூர்வம். புத்தும் இல்ல, குஷ்டமும் இல்ல, யாருக்கும் ஒட்டாது. புண் ஆறட்டும், மிச்சத்தையும் எடுத்துடலாம்."

"துபாய் போலாங்களா?" என்றார் என் கணவர்.

"தாராளமா போங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால் ஆளைக் காணோம். எதிரே எஸ்டிடி பூத்துக்குள் நின்று ஏஜென்டிடம் சந்தோஷமாகக் கத்திக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷமோ, மூணு வருஷமோ, எதுவா இருந்தாலும் சரிங்க. சீக்கிரம் ஏத்திவிடுங்க!"

கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். எனக்கு அழுகை நிற்கவில்லை. என்னைப் பார்த்துக் கையாட்டினார், சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டு.