ஒல்லியாகக் காட்டும்

துர்காதேவிக்குப் பட்டுப்புடவையை எடைபோடத் தராசு வேண்டாம். மடித்தபடி கையில் ஏந்தினாலே எழுநூறு கிராமா, எண்ணூறு கிராமா என்று சொல்லிவிடுவாள். பிள்ளையார்பாளையத்துத் தறிவீட்டில் பிறந்து, காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் பன்னிரண்டு வருஷமாகச் சேல்ஸில் நிற்கிறவளின் கை அது. அதே கைதான் இந்த நாலு மாதமாகத் தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும், செருப்பைக்கூடக் கழற்றாமல், மகளின் லன்ச் பேக்கைத் தூக்கிப் பார்க்கிறது. தூக்கிய மாத்திரத்தில் முகம் தொங்கிவிடும். காலையில் கொடுத்தனுப்பிய கனம் அப்படியே திரும்பி வந்திருக்கும்.

மகள் பிரியதர்ஷினி, வீட்டில் தர்ஷு, பதினாறு வயது, ப்ளஸ் ஒன். முன்பெல்லாம் டப்பா மூடியில் ஒட்டியிருக்கும் பருக்கையையும் வழித்துத் தின்றுவிட்டு, “நாளைக்கு இன்னும் ரெண்டு கரண்டி சேத்து வெய்ம்மா, பசங்க புடுங்கிக்கிறாங்க” என்று சொன்ன பெண். இப்போது கேட்டால், “டைம் இல்லம்மா”, “பசிக்கலம்மா”, “ஸ்பெஷல் கிளாஸ்மா.” ஒரு பொய்யாவது ஒழுங்காகச் சொல்லக்கூடாதா என்று துர்காதேவிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சமையலில்தான் குறை என்று முதலில் நினைத்தாள். எலுமிச்சை சாதம் கட்டினாள், திரும்பி வந்தது. காலையில் நாலரைக்கு எழுந்து குருமாவும் சப்பாத்தியும் செய்தாள், சப்பாத்தி அட்டையாகித் திரும்பி வந்தது. போனில் பார்த்துப் பன்னீர் என்று எதையோ கிண்டினாள். அதைத் தெரு நாய்தான் ரசித்துத் தின்றது. பிறகு சந்தேகம் வேறு பக்கம் திரும்பியது. எவனாவது பின்னால் சுற்றுகிறானோ என்று மகளின் போனைத் திறந்து பார்த்தாள். நாய்க்குட்டி வீடியோவும் கெமிஸ்ட்ரி நோட்ஸும்தான் இருந்தன. கண்ணேறு பட்டிருக்கும் என்று மிளகாய் சுற்றிப் போட்டாள். புருஷன் தேவேந்திரன் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். “வயசுப் பொண்ணு, பசிச்சா தானா துன்னும், விடு” என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டார். அவருக்கென்ன, கவலை வந்தால் கூடவே தூக்கமும் வந்துவிடும். துர்காதேவிக்கு இருந்த கொஞ்சத் தூக்கமும் போயிற்று.

கடையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. இதை அவளே சொல்லுவாள், கேட்காவிட்டாலும் சொல்லுவாள். சென்னையிலிருந்து கார் போட்டுக்கொண்டு ஆறு பேர் வந்து இறங்கினால், அந்த ஆறு பேரில் முடிவெடுக்கிறவள் யார் என்பதைச் செருப்பைக் கழற்றி உள்ளே வருவதற்குள் கண்டுபிடித்துவிடுவாள். வாய் என்ன சொன்னாலும் கேட்க மாட்டாள், கை எந்தப் புடவைமேல் போகிறது என்றுதான் பார்ப்பாள். பார்த்த கணத்தில் அதை உருவி, அந்தப் பெண்ணின் தோளில் போட்டு, கொசுவத்தை விசிறி, கண்ணாடி முன்னால் நிறுத்திவிடுவாள். கடைசியில் ஒரு வார்த்தை சொல்லுவாள். அந்த வார்த்தையில்தான் வியாபாரம் படியும்.

“பாருங்கம்மா, எப்டி ஒல்லியா காட்டுது!”

போன தீபாவளி வாரத்தில் நடந்ததை இன்றைக்கும் கடையில் பேசுவார்கள். கல்யாணப் பெண் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தாள். அம்மா, அத்தை எல்லோருக்கும் ஒரு கத்திரிப்பூ நிறப் புடவை பிடித்துப்போயிற்று. பெண் மட்டும், “வேணாம், குண்டா தெரியுறேன்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வியாபாரம் கைநழுவுகிற நேரம். வீட்டுச் சாவி வாங்கிப் போகத் தர்ஷு அப்போதுதான் கடைக்குள் வந்தாள். துர்காதேவி ஒரு நொடி யோசிக்கவில்லை. மகளைக் கையைப் பிடித்து இழுத்துக் கண்ணாடி முன் நிறுத்தினாள், யூனிபார்ம் மேலேயே அந்தப் புடவையைச் சுற்றினாள். “பாருங்கம்மா, இது நான் பெத்த பொண்ணு. இவளையே எப்டி ஒல்லியா காட்டுதுன்னு பாருங்க. உங்க பொண்ணுக்குக் கேக்கணுமா?” பெண் சிரித்துவிட்டாள். ஒன்றுக்கு மூன்று புடவையாகப் போயிற்று. சூப்பர்வைசர் தணிகாசலம் எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்தார். சாப்பிடும்போது துர்காதேவி இதை நடித்துக் காட்ட, தேவேந்திரனுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. தர்ஷுவும் சிரித்தாள் என்றுதான் துர்காதேவிக்கு ஞாபகம்.

மாசி பிறந்த வாரத்தில் ஸ்கூலிலிருந்து போன் வந்தது. காலைப் பிரேயரில் நின்றுகொண்டிருந்த பெண் அப்படியே சரிந்து விழுந்துவிட்டாளாம். தோளில் பாதி போட்ட புடவையோடு கஸ்டமரை நிற்க வைத்துவிட்டு ஓடினாள் துர்காதேவி. டாக்டர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார், பெண்ணின் கண் இமையை இழுத்துப் பார்த்தார், பிறகு அம்மாவைப் பார்த்தார்.

“ரத்தம் எட்டுதான் இருக்குது. பொண்ணு சாப்புடுதா?”

“நல்லா சாப்புடுவா சார்” என்றாள் துர்காதேவி. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிப் பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது.

“நல்லா சாப்புட்டா எட்டு வராதும்மா. ஒரு மாசம் மாத்திரை குடுங்க, சோறு உள்ள போவணும். இன்னும் எறங்குச்சுன்னா பெட்ல சேக்க வேண்டி வரும். அப்புறம் பரீட்சையும் இல்ல, ஒண்ணும் இல்ல.”

அன்றிலிருந்து துர்காதேவிக்குக் கால் தரையில் பாவவில்லை. மகள் மாடிப்படி ஏறினால் விழுந்துவிடுவாளோ, குளிக்கப் போனால் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு மயங்கிவிடுவாளோ என்று பின்னாலேயே போனாள். தட்டில் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்து, ஒவ்வொரு கவளமும் உள்ளே போகிறதா என்று பார்த்தாள். பார்க்கப் பார்க்க அந்தப் பெண் தட்டைத் தள்ளி வைத்தாள். நாலு வாயோடு எழுந்து போனாள்.

கூட வேலை செய்கிற காந்தா மூன்று பெண்களை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவள். அவள்தான் யோசனை சொன்னாள். “வூட்ல வெச்சு கேட்டா சொல்லாதும்மா. கடைக்குக் கூட்டிக்கினு போ. புடிச்ச டிரெஸ்ஸா வாங்கிக் குடு. துணி பாக்கும்போது பொம்பள மனசு தொறந்துக்கும், நமக்குத் தெரியாததா?”

நாத்தனார் மகள் நிச்சயதார்த்தம் வேறு வந்துகொண்டிருந்தது. தணிகாசலத்திடம் கெஞ்சிக் கூத்தாடிச் சனிக்கிழமை அரைநாள் பெர்மிஷன் வாங்கி, மகளை ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனாள்.

ரெடிமேட் கடையில் துர்காதேவி தன் வித்தையைக் காட்டினாள். பேசாமல் மகளின் கையை மட்டும் பார்த்தாள். தாமரை நிறத்தில் ஒரு சுடிதார் தொங்கியது. தர்ஷுவின் கை அதன்மேல் போயிற்று, நின்றது, சுட்டுக்கொண்டாற்போல் திரும்பி வந்தது. பிறகு நேராகப் போய்க் கறுப்பில், முழுக்கை வைத்து, தோள் இரண்டும் தொங்குகிற ஒன்றை எடுத்துக்கொண்டது.

“என்னாடி இது, கொத்தனார் வேலைக்குப் போட்டுக்கினு போற சட்டையாட்டம் இருக்குது? இந்த வெயில்ல முழுக்கையா?”

“ஓவர்சைஸ்மா. இப்ப இதான் எல்லாரும் போடறாங்க.”

“எக்ஸ்எல் எதுக்கு? உனக்கு மீடியமே லூசா இருக்குதே.”

விற்கிற பெண் பக்கத்தில் வந்தாள். இருபது வயதுகூட இருக்காது, ஆனால் தொழிலில் சூட்டிகை. தாமரை நிறத்தையும் உருவி எடுத்து, தர்ஷுவின் உடம்போடு ஒட்டிப் பிடித்து, கண்ணாடிப் பக்கம் திருப்பினாள்.

“ஆன்ட்டி, இதையே எடுங்க. பாருங்க, எப்டி ஒல்லியா காட்டுது!”

தன் வார்த்தையை அடுத்தவள் வாயில் கேட்கத் துர்காதேவிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு கண்ணாடியைப் பார்த்தாள். அங்கே அவள் மகள் மூச்சை உள்ளே இழுத்து வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். விற்கிற பெண் துணியை எடுத்துக்கொண்டு நகர்ந்த பிறகுதான் மூச்சு வெளியே வந்தது.

அந்த நிற்பைத் துர்காதேவி பார்த்திருக்கிறாள். தினமும் காலையில் பார்க்கிறாள். யூனிபார்ம் துப்பட்டாவில் ஊக்கு குத்தப் போகும்போது, மகள் இப்படித்தான் கல்லாகச் சமைந்து நிற்பாள். கோபம் என்று நினைத்திருந்தாள். இத்தனை நாளும் இந்தப் பிள்ளை அம்மா முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது.

எதுவும் வாங்காமல் கிளம்பினார்கள். வண்டி மூங்கில் மண்டபத்தைத் தாண்டும்போது கேட்டாள். முகத்தைப் பார்க்காமல் கேட்பதுதான் சுலபமாக இருந்தது.

“தர்ஷு, உன்ன குண்டுன்னு யாராச்சும் சொன்னாங்களா?”

பின்னால் தர்ஷு லேசாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

“யாருன்னு மட்டும் சொல்லு. ஸ்கூலுக்கே வந்து அவள நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி கேக்குறேன்.”

“நீதான்மா.”

வண்டி ஆடியது. ஒரு ஷேர் ஆட்டோக்காரன் திட்டிக்கொண்டே போனான். துர்காதேவி ஓரமாக ஒரு வளையல் கடைமுன் நிறுத்தித் திரும்பினாள்.

“நானா? எப்போடி?”

“தீபாவளிக்கு. கடைல. அத்தினி பேர் முன்னாடி என் மேல பொடவைய சுத்தி, இவளையே ஒல்லியா காட்டுதுன்னு.”

“ஐயய்யோ, அது யாவாரத்துக்குச் சொல்றதும்மா! வர்றவங்க எல்லாருக்கும் சொல்றதுதான். குச்சியாட்டம் இருக்கிறவங்களுக்கும் அதான் சொல்றேன்.”

“தெரியும்மா. ஆனா அன்னிக்கி காந்தா ஆன்ட்டி பக்கத்துலயே நின்னாங்க. இன்னும் நாலு அக்காங்க இருந்தாங்க. அவங்கள உட்டுட்டு ஏன் என்ன கூப்ட்ட?”

பன்னிரண்டு வருஷமாக எந்தக் கஸ்டமருக்கும் பதில் இல்லாமல் நின்றதில்லை அவள். இப்போது நின்றாள். ஏனென்றால் பதில் தெரியும். அன்றைக்கு அந்தக் கல்யாணப் பெண்ணை அளந்த கண், கடைக்குள் வந்த தன் மகளையும் ஒரே வீச்சில் அளந்துவிட்டது. அம்மாவின் கண் அல்ல, சேல்ஸ்காரியின் கண். அது தப்பாக அளப்பதில்லை. அந்தப் பிள்ளை அதைத்தான் கண்டுகொண்டிருக்கிறது.

“தப்புப் பண்ணிட்டேன்மா” என்றாள். நடுரோட்டில், வளையல் கடைக்காரர் பார்த்துக்கொண்டிருக்க, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“பரவால்ல, அழுவாதம்மா, எல்லாரும் பாக்குறாங்க” என்றாள் தர்ஷு. கொஞ்சம் கழித்து, “என்னையே பாத்துக்கினு இருக்காதம்மா. சாப்புடும்போது பாக்காத. பேக்கத் தூக்கிப் பாக்காத. நீ பாத்தாலே எனக்கு எறங்க மாட்டேங்குது” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் நல்ல கூட்டம். பெண் பார்த்து முடித்த குடும்பம் ஒன்று மேடைமுன் உட்கார்ந்து நாற்பது புடவை பிரித்துவிட்டது. தோளில் கிளிப்பச்சைப் புடவையோடு கல்யாணப் பெண் கண்ணாடி முன் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எத்தனை பேர் இப்படி நின்றிருப்பார்கள், இத்தனை வருஷத்தில் ஒருத்தியைக்கூடப் பார்க்கவில்லையே என்று துர்காதேவிக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது. “ஏங்க, இது ஒல்லியா காட்டுதா?” என்று பெண்ணின் அம்மா கேட்டாள். வார்த்தை நாக்கு நுனிவரை வந்து நின்றது.

“பச்சை நல்லா எடுக்குதும்மா பொண்ணுக்கு” என்றாள். “காலைல இருந்து நின்னுக்கினு இருக்குது, பாவம். கூட்டிக்கினு போயி சாப்புட்டு வாங்க. பொடவை எங்கியும் போவாது.”

போனவர்கள் திரும்பி வரவில்லை. தணிகாசலம் அவளை மேலும் கீழும் பார்த்தார். “என்னம்மா, உடம்பு சரியில்லையா?” என்றார். அவள் பிரித்த புடவைகளை மடிக்க ஆரம்பித்தாள்.

திங்கட்கிழமை காலை சோறு வடித்தாள், சுண்டைக்காய் வத்தக்குழம்பு வைத்தாள். டப்பாவையும் கரண்டியையும் மேடைமேல் வைத்து, “நீயே போட்டுக்கம்மா” என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பால் பாத்திரத்தையே பார்த்தாள். மிச்சக் குழம்பைத் தேவேந்திரன் வழித்துச் சாப்பிட்டுவிட்டு ஷிப்ட்டுக்குப் போனார். அன்று முழுக்கக் கடையில் அவள் கையில் எதுவும் நிற்கவில்லை. இரண்டு முறை எடை தப்பாகச் சொன்னாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தாள். லன்ச் பேக் வழக்கம்போல் வாசலோர நாற்காலியில் இருந்தது. உள் அறையில் படித்துக்கொண்டிருந்த தர்ஷு தலையைத் தூக்கி அம்மாவின் கையைப் பார்த்தாள். துர்காதேவியின் கை பாதி தூரம் போயிற்று. அப்படியே மடக்கி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, பேக்கைத் தாண்டிச் சமையலறைக்குப் போனாள். “டீ போடட்டாம்மா?” என்றாள்.

தர்ஷு எழுந்து வந்து, தானே டப்பாவை எடுத்துக்கொண்டு போய்ப் பின்கட்டில் குழாயைத் திறந்தாள். சோறு கொட்டுகிற சத்தம் வருகிறதா என்று துர்காதேவி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீர்ச் சத்தத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. எட்டிப் பார்க்கலாம், நாலு அடி தூரம்தான். அவள் போகவில்லை. டீத்தூள் டப்பாவை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

குழாய் நின்றது.

“ம்மா, அந்த வத்தக்குழம்பு இன்னும் இருக்குதா?”

“இருக்குதும்மா, நெறைய இருக்குது” என்று திரும்பாமலே சொன்னாள் துர்காதேவி. காலையிலேயே கழுவிக் கவிழ்த்திருந்த குழம்புச் சட்டியைச் சத்தமில்லாமல் எடுத்து அடுப்பில் வைத்துவிட்டு, சுண்டைக்காய் வத்தலைத் தேடினாள்.